பலகைக்கு அடியில் முளைத்தது

தி.நகரில் கல்யாண நகை வாங்க வந்த கூட்டம் படியேறிக்கொண்டிருந்த காலை நேரம். தாமரைக்குளம் தங்க மாளிகையின் மூன்றாவது மாடியில் நான் குப்புறப் படுத்து, தரையில் இருந்த ஓர் ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தேன்.

"சார், உள்ள இன்னா கீது?" என்றாள் சான்ட்ரா.

"இருட்டா இருக்கு."

"அத்த நான் மேல நின்னுக்கினே சொல்லியிருப்பேனே."

சான்ட்ரா என் உதவியாளர். சாந்தோம் பெண். அம்மா பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் எல்லோரும் அச்சுத் தமிழ் பேசுவார்கள். இவள் வாயைத் திறந்தால் மட்டும் பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட் கேட்கும். என் பெயர் கனகராஜ். மந்தைவெளியில் இட்லி மாவுக் கடைக்கு மேல் மாடியில் 'கனகராஜ் துப்பறியும் நிலையம்' நடத்துகிறேன். மாவு வாங்க வந்து வழி தவறி மேலே ஏறுகிறவர்கள் அநேகம். மற்றபடி, பெண்ணைப் பெற்றவர்களுக்காக மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு.

இந்த நகைக்கடை முதலாளி முத்துலட்சுமி அம்மாளுக்கும் நான் அப்படித்தான் அறிமுகம். மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டார்கள். ஒரு வாரம் பின்தொடர்ந்து, குடிக்க மாட்டார் என்று சொன்னேன். உண்மைதான். குறட்டை விடுவாரா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மகள் இன்னும் அதைச் சொல்லி அழுகிறாளாம்.

ஆனாலும் அன்று காலை அந்த அம்மாள் எனக்கே போன் செய்தார். வேறு துப்பறிகிறவர் யாரையும் அவருக்குத் தெரியாது.

"தம்பி, எங்க சர்வர் மூணு தடவை செத்துப்போச்சு. யாரோ வேணும்னே சாகடிக்காங்க."

"மூணு தடவையா? எந்த ஓட்டல்லம்மா?" என்று கேட்டேன்.

"ஓட்டல் சர்வர் இல்ல தம்பி" என்றார். பிறகு, அது பில் போடும் கம்ப்யூட்டர்களை ஆட்டி வைக்கும் பெரிய கம்ப்யூட்டர் என்று பொறுமையாக விளக்கினார். என்னை அமர்த்தியதற்கு அந்த நிமிடமே வருத்தப்பட்டிருப்பார்.

விஷயம் இதுதான். அட்சய திருதியைக்கு ஒரு தடவை, ஆடித் தள்ளுபடிக்கு ஒரு தடவை, போன வாரம் தீபாவளிக்கு ஒரு தடவை. சரியாக விற்பனை சூடு பிடிக்கும் நேரத்தில் சர்வர் கருகிப் படுத்துவிட்டது. பழுது பார்த்தவர்கள் கருகிய பாகத்தை மாற்றினார்களே தவிர, காரணம் சொல்ல ஆள் இல்லை. ஆனால் மூன்று தடவையும் முந்தின நாள் அந்த அறைக்குள் நெடுநேரம் இருந்தது ஒரே ஆள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜஹீதா.

முத்துலட்சுமி அம்மாளின் தம்பி மகன் ஹரிதான் கடை மேனேஜர். எதிர்க்கடைக்காரர் அவளை விலைக்கு வாங்கிவிட்டார் என்பது அவன் கட்சி. இரண்டு நாளைக்கு முன்பு கடை வாசலில், எல்லா ஊழியர்களும் பார்க்க, அவள் கைப்பையைத் திறந்து கொட்டச் சொல்லியிருக்கிறான். டிபன் பாக்ஸும் குடையும் விழுந்தன. அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள நீங்க சாட்சி கொண்டாந்தா அதோட போலீசுக்குப் போறேன். இல்லைன்னா இல்லாமலே போறேன்" என்றார் அம்மாள்.

அதனால்தான் நான் தரையில் படுத்திருந்தேன்.

சர்வர் இருந்த அறையில் தரைக்கு மேல் இன்னொரு தரை. சதுரச் சதுரமான இரும்புப் பலகைகளைக் கால்கள் மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அடியில் ஒயர்கள் ஓடின. ஏ.சி.யின் குளிர்ந்த காற்று அந்த இடைவெளி வழியாக வந்து, ஓட்டைப் பலகைகள் வழியே மேலே பீச்சி, சர்வருக்குள் போனது. ஜஹீதா அந்த இடைவெளியில் ஏதோ கருவியை ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது என் தீர்மானம். தீர்மானம் பண்ணுவதில் நான் எப்போதும் வேகம்.

கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ரப்பர் பிடியால் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம். ஒன்று கை நழுவி டமாரென்று விழுந்தது. கிடைத்தவை: செத்த கரப்பான், பிஸ்கட் கவர், தலையில் குத்தும் ஒரு நீலக் கிளிப்.

"பார்த்தியா! ஒரு பொண்ணு இங்க வந்திருக்கா. அவசரமா குனிஞ்சிருக்கா. கிளிப் விழுந்தது கூடத் தெரியாத பதற்றம்..."

"சார், அது என்னுது. இப்பதான் வுழுந்துச்சு. குடுங்க."

கொடுத்தேன்.

சான்ட்ரா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, சாய்த்து வைத்த ஒரு பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "சார், இங்க வாங்களேன். இதுக்கு மீசை மொளைச்சிகீது."

போய்ப் பார்த்தேன். பலகையின் வெள்ளி நிற அடியில் மெல்லிய ரோமம் போல ஏதோ பளபளத்தது. எனக்கோ நாற்பது வயதாகியும் மேலுதட்டில் ஒழுங்காக எதுவும் வளர்ந்ததில்லை. அந்தப் பேச்சே பிடிக்காது.

"தூசி" என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். உள்ளங்கையால் அழுத்தித் துடைத்து, கையை பேன்ட்டில் தட்டிக்கொண்டேன்.

பலகைகளைத் திரும்பப் பொருத்தியதும் ஹரி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாங்கள் சான்ட்ராவின் ஸ்கூட்டரில் மீர்சாகிப்பேட்டையில் இருந்த ஜஹீதா வீட்டுக்குக் கிளம்பினோம்.

ஜஹீதா முப்பது வயதுக்குள் இருப்பாள். கதவைத் திறந்ததும், "போலீசா?" என்றாள்.

"இல்லம்மா. துப்பறிகிறவர்."

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பயம் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிறது. உள்ளே உட்காரச் சொன்னாள்.

"மூணு தடவையும் முந்தின நாள் நீங்கதான் அந்த ரூம்ல இருந்திருக்கீங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா. இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே."

"எப்பவும் விசேஷத்துக்கு முன்னாடி. அது ஏன்?"

"விசேஷத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தா கூடுதலா பில் கவுண்டர் போடுவாங்க. கவுண்டருக்கு கேபிள் இழுக்கணும். கேபிள் தரைக்கு அடியில போகுது. தரையைத் தூக்காம எப்படி சார் இழுக்கறது? ஹரி சார் வந்து தூக்குவாரா?"

என் காலையின் முக்கியமான ஆதாரம் அதோடு போயிற்று. எதிர்க்கடை, சதி, நாள் பார்த்து அடித்த அடி என்று நான் அடுக்கி வைத்திருந்தது ஒரு கேபிள் வேலை.

"என்னை அவங்க திருடின்னு சொல்லல அக்கா" என்று சான்ட்ராவிடம் திரும்பினாள் ஜஹீதா. "சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பையைக் கொட்டச் சொன்னாங்க. டிபன் பாக்ஸ் உருண்டு ரோட்டுக்குப் போச்சு. கூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் கூட குனிஞ்சு எடுக்கல. நேத்து முழுக்க சோறு இறங்கல."

அப்போது என் போன் அடித்தது. ஹரி.

"சர்வர் மறுபடியும் செத்துப் போச்சு! கடை பூரா கூட்டம். ஒரு பில் கூடப் போட முடியல!"

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மிஸ்டர் ஹரி! ஜஹீதா என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க. இதைவிட வேற சாட்சி வேணுமா? இப்ப சொல்லுங்க, காலையிலேர்ந்து அந்த ரூமுக்குள்ள போனது யார்?"

"நீங்க ரெண்டு பேரும்."

"வேற?"

"வேற யாரும் இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."

போனை வைத்தேன். சான்ட்ரா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சார், ஆள் சிக்கிட்டானா?"

"சிக்கிட்டான். நம்ம ஸ்கூட்டர்லதான் கூட்டிக்கிட்டுப் போகணும்."

கடை வாசலில் முத்துலட்சுமி அம்மாள் நின்றிருந்தார். உள்ளே, நகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு பில்லுக்காகக் காத்திருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் புள்ளைகிட்ட கை நீட்டி வாங்கிட்டாரு அத்தை! அவ பண்ணின அதே வேலையை இவரும் பண்ணிட்டுப் போயிருக்காரு" என்றான் ஹரி.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல" என்றார் அம்மாள். "ஆனா அந்தப் புள்ளைக்கு என்ன செஞ்சோமோ அதை உங்களுக்கும் செய்யணும்."

செக்யூரிட்டிக்காரர் என் பைகளில் கையை விட்டார். காது ஒடிந்த மூக்குக்கண்ணாடி வந்தது. பாதி தின்ற கடலைமிட்டாய் வந்தது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. கைப்பிடியில் ஒரு யானை சிரித்துக்கொண்டிருக்கும். சுற்றி நின்ற விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என்னைப் பார்த்து யாராவது சிரிப்பது எனக்குப் புதிதல்ல. தொழிலே அப்படி. ஆனால் என் சாமான்களை இன்னொருவர் வெளியே எடுத்துத் தட்டில் வைக்க, ஊரே பார்த்து நிற்பது வேறு மாதிரி இருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எடுத்தவனும் அதைத்தானே சொல்வான்? ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஜஹீதா சொன்னதை அனுதாபத்தோடு தலையாட்டிக் கேட்டேன். கேட்டேனே ஒழிய, அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

"அம்மா, இவர் பேன்ட்ல ஏதோ மின்னுது!" என்றார் செக்யூரிட்டி.

குனிந்து பார்த்தேன். நகைக்கடை விளக்குகளைத்தான் தெரியுமே. கரித்துண்டைக் கூட வைரமாகக் காட்டும். என் கறுப்பு பேன்ட்டின் தொடையில் பொடிப்பொடியாக ஏதோ ஜொலித்தது.

"பவுன் தூளா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கூட்டம் ஓரடி நெருங்கியது.

முத்துலட்சுமி அம்மாள் கல் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் தொடைக்கு அருகில் குனிந்தார். என் வாழ்க்கையில் அதற்கு மேல் ஓர் அவமானம் பாக்கியில்லை.

"தூள் இல்ல. இழை. ஊசி மாதிரி நீட்டமா நிக்குது" என்றார். "உலோகம்தான். இது எங்கிருந்து வந்துச்சு?"

"சார், மீசை!" என்று கத்தினாள் சான்ட்ரா. "பலகைக்கு அடியில மொளைச்சிருந்துச்சே! தூசின்னு தொடைச்சு பேன்ட்ல தட்டிக்கினீங்களே!"

ஹரி மேலே ஓடி ஒரு பலகையைக் கொண்டுவந்தான். அதன் அடியில் ஒட்டும் டேப்பை வைத்து எடுத்த இழைகளைச் சுருட்டி, தங்கத்தின் தரம் பார்க்கும் கேரட் மீட்டரில் வைத்தார்கள். திரையில் தங்கம் பூஜ்யம் என்று வந்தது. வெள்ளியும் பூஜ்யம். இருந்ததெல்லாம் துத்தநாகம்.

"துத்தநாகத்துக்கு முடி முளைக்குமா?" என்றார் அம்மாள்.

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்திருக்கக்கூடிய ஒருவரைத் தெரியும். தரமணியில் உலோகவியல் பேராசிரியை ஸ்வர்ணலதா. அவர் மகளுக்கும் நான்தான் மாப்பிள்ளை விசாரித்தேன். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பலகையோடு கடைக் கார் கிளம்பியது. சான்ட்ரா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஹரி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஸ்வர்ணலதா மேடம் என்னைக் கண்டதும், "நீங்களா? எதையும் தொடாம உக்காருங்க" என்றார். மாப்பிள்ளை விஷயம் அங்கேயும் சரியாக அமையவில்லை போலிருக்கிறது.

இழைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க, பாருங்க! எவ்வளவு அழகு!"

பார்த்தேன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்த வெள்ளி ஊசிகள். சில நேராக, சில வளைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

"இரும்பு துருப்பிடிக்காம இருக்க மின்சாரத்தால துத்தநாக முலாம் பூசுவாங்க. சில முலாமுக்குள்ள ஒரு அழுத்தம் தங்கிடும். அது வருஷக்கணக்கா மெதுவா இப்படி இழையா வெளிய வளரும். உயிர் கிடையாது, தண்ணி வேண்டாம், யாரும் கவனிக்க மாட்டாங்க. வெள்ளீய முலாம்லயும் வரும். இதால செயற்கைக்கோளே பழுதாயிருக்கு. எங்க ஆளுங்க இதுக்கு வச்சிருக்கிற பேரே மீசைதான்."

சான்ட்ரா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இதுவா சர்வரைக் கொல்லுது?" என்றான் ஹரி.

"சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. பலகையை அசைச்சா உடைஞ்சு பறக்கும். அடியில ஏ.சி. காத்து ஓடுதா?"

"ஓடுது."

"அந்தக் காத்தோட சர்வருக்குள்ள போய் ரெண்டு முனைக்கு நடுவுல விழும். உலோகமாச்சே, மின்சாரம் பாயும். பாகம் கருகும், அந்தப் பொறியில இழையும் எரிஞ்சு போயிடும். அப்புறம் திறந்து பார்த்தா எதுவும் இருக்காது."

"அதான் தடயமே கிடைக்கல!" என்று துள்ளினேன்.

"இன்னைக்கு யாராவது பலகையைத் தூக்கினாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"தூக்கினோம்."

"ஒண்ணு ரெண்டா?"

"பாதி ரூம்."

"எதையாவது கீழ போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

"துடைக்கலையே?"

நான் உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அப்ப இன்னைக்குச் சர்வரைச் சாகடிச்சது நீங்கதான் மிஸ்டர் கனகராஜ்" என்றார் அவர், மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி. "ரொம்பத் திறமையா செஞ்சிருக்கீங்க."

குற்றவாளியை இவ்வளவு சீக்கிரம் நான் எந்த வழக்கிலும் கண்டுபிடித்ததில்லை.

திரும்பும் வழியில் அடையாறு சிக்னலில் கார் நின்றது. ஹரி என் பக்கம் திரும்பினான்.

"சார்... அத்தைகிட்ட ஏதோ மெஷின் கோளாறுன்னு மட்டும் சொல்லிடலாமே. மீசை, அது இதுன்னா நம்பவும் மாட்டாங்க. உங்க பேரும் வெளிய வராது. ஜஹீதாவை வேலைக்கு வான்னு சத்தமில்லாம கூப்பிட்டுக்கிறேன்."

எனக்கும் அது வசதிதான். பொய் சொல்ல வேண்டிய அவசியம் கூட இல்லை. பாதி உண்மையைச் சொன்னால் போதும். என் பிழைப்பே பாதி உண்மையைச் சொல்வதுதான், குறட்டை விஷயம் மாதிரி. சான்ட்ரா முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கிண்டல் செய்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அவங்க பையைச் சத்தமில்லாமலா கொட்டினீங்க?" என்று கேட்டேன்.

பச்சை விழுந்து கார் நகர்ந்தது.

கடையில் முத்துலட்சுமி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைய சாவுக்கு நானே பொறுப்பு என்பதையும் சொன்னேன். மூன்று தடவையும் ஜஹீதா செய்தது, கடை சொன்ன வேலையை மட்டும்தான் என்றேன். அவர் நெடுநேரம் அந்தப் பலகையைப் பார்த்தார்.

"இந்தத் தரையை நான்தான் வாங்கினேன்" என்றார். "தரமணியில ஒரு பழைய ஆபீசைக் காலி பண்ணினாங்க. புதுசு போடலாம்னு அந்தப் புள்ளை சொல்லுச்சு. எனக்கு இது பளபளன்னு இருந்துச்சு. தங்கத்தை உரசிப் பாக்காம வாங்க மாட்டேன், இதைப் பளபளப்பைப் பாத்து வாங்கிட்டேன்." பிறகு ஹரியிடம் திரும்பினார். "அந்தப் புள்ளையை வரச் சொல்லு. வேலைக்குன்னு சொல்லாத. நான் பாக்கணும்னு சொல்லு."

ஜஹீதா சாயங்காலம் வந்தாள். மீசை விஷயத்தை சான்ட்ரா வாசலிலேயே அவளிடம் சொல்லிவிட்டாள். கூட்டம் இன்னும் குறையவில்லை. பழையபடி கையால் எழுதி பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாள் அவளைத் தன் ஏ.சி. அறைக்குள் அழைத்து நாற்காலி போடச் சொன்னார்.

அவள் உட்காரவில்லை. "இங்க இல்லம்மா" என்றாள். "வாசல்ல."

ஹரி ஏதோ சொல்ல வந்தான். அம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு எழுந்தார். மூட்டுவலிக்காரர். மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தார். குழந்தை காணாமல் போனால் அறிவிக்கிற மைக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"இந்தக் கடையில வேலை பாக்கிற ஜஹீதா மேல நாங்க சந்தேகப்பட்டோம்" என்று அவர் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "அந்தப் புள்ளை எந்தத் தப்பும் செய்யல. தப்பு நாங்க போட்ட தரையில இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் அவ பையைக் கொட்டினோம். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கேன்." மைக்கை ஹரியிடம் நீட்டினார். "நீயும் சொல்லு."

வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஹரி மைக்கை வாங்கினான். "மன்னிச்சிடுங்க ஜஹீதா" என்றான். அவளை அவன் 'ங்க' போட்டுப் பேசியதை விற்பனைப் பெண்கள் முதல் தடவையாகக் கேட்டார்களாம். பிறகு சொன்னார்கள்.

பரவாயில்லை என்று ஜஹீதா சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள். "முதல்ல ஏ.சி.யை நிறுத்துங்க. பலகை எதையும் யாரும் அசைக்கக் கூடாது. ரெண்டு பேர் முகமூடி போட்டுக்கிட்டு, நல்ல வேக்குவம் கிளீனரோட வாங்க."

சும்மா நிற்க மனம் வராமல் நானும் ஓரடி எடுத்து வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யார் வேணும்னாலும் வாங்க" என்றாள். "அந்த சார் மட்டும் வேணாம்."